கையெழுத்தின் சாட்சியம்: தஸ்தாவேஜுப் பரிசோதகரின் பணியும் பயிற்சியும்

சின்னாளபட்டியில் அனுபவம் மிக்க நெசவாளர் ஒருவரிடம் சேலை ஒன்றைக் கொடுத்து, 'இது யார் தறியில் நெய்தது?' என்று கேட்டுப் பாருங்கள். அவர் சேலையை விரித்துக் கரையைத் தடவுவார். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஊடையின் நெருக்கத்தைப் பார்ப்பார். பின்னர், 'இது எங்கள் தெருவில் இன்னாருடைய கை' என்பார். சங்கம் வழங்கிய நூல் ஒன்றே, பாவின் நீளம் ஒன்றே, வடிவமும் ஒன்றே. ஆயினும் அச்சை இழுத்து அடிக்கும் விசையும், ஊடை திரும்புமிடத்தில் கரை விழும் ஒழுங்கும் கைக்குக் கை வேறுபடுகின்றன. பல்லாண்டுப் பழக்கத்தால் கை தன் அடையாளத்தைத் துணியில் பதித்துவிடுகிறது. நெய்தவரே மறைக்க நினைத்தாலும் அது எளிதில் மறைவதில்லை.

எழுத்தும் இத்தகையதே. ஒரே பள்ளியில், ஒரே ஆசிரியரிடம், ஒரே கரும்பலகையைப் பார்த்து 'அ' எழுதக் கற்ற நாற்பது பிள்ளைகள், இருபது ஆண்டுகளுக்குப் பின் நாற்பது விதமாக அதை எழுதுகின்றனர். இந்த வேறுபாட்டை முறையாக ஆராய்ந்து, 'இந்தக் கையொப்பம் இவருடையது, இது இவருடையதன்று, இதனைக் கொண்டு ஒன்றும் கூற இயலாது' என்று நீதிமன்றத்துக்கு எடுத்துரைப்பவரே தஸ்தாவேஜுப் பரிசோதகர். எழுத்தைப் பார்த்துக் குணமும் எதிர்காலமும் கூறுவோர் வேறு; இவர் வேறு. இருவரையும் ஒன்றாகக் கருதுதல் பெருந்தவறு.

கடன் பத்திரம், நூல் பட்டுவாடாப் பதிவேடு, கூலிப் புத்தகம், தீர்மானப் புத்தகம் ஆகியவற்றின் மீதே நம் சங்கங்கள் நிற்கின்றன. ஆகையால் இப்பரிசோதகரின் பணியை நம் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம். அதன் அவசியத்தை நான் உணர்ந்தது என்னுடைய தவறு ஒன்றினாலேயே. அதனை மறைக்காமல் முதலில் கூறிவிடுகிறேன்.

என் அவசரம்

சில ஆண்டுகளுக்கு முன், திண்டுக்கல் சமவெளியிலுள்ள நெசவாளர் சங்கம் ஒன்றில் 1983-ம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 81-ம் பிரிவின்படி விசாரணை நடத்தும் பணி எனக்கு அளிக்கப்பட்டது. முதியவர் ஒருவர் முன்பணமாக 12,000 ரூபாய் பெற்றதாக ஒரு செலவுச் சீட்டு இருந்தது. தொகை எண்ணால் மட்டுமே எழுதப்பட்டிருந்தது. எழுத்தால் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. முதியவரோ, 'ஐயா, இவ்வளவு ரூபாயை நான் கண்ணாலும் பார்க்கவில்லை' என்றார்.

அங்கத்தினர் பதிவேட்டில் 22 ஆண்டுகளுக்கு முன் அவர் இட்ட கையொப்பத்தை எடுத்துச் சீட்டின் அருகே வைத்துப் பார்த்தேன். பழையது உறுதியாகவும் வேகமாகவும் இருந்தது. சீட்டில் உள்ளதோ நடுங்கி, இடையிடையே தடுமாறி நின்றது. 'இது போலி' என்று அப்பொழுதே தீர்மானித்துவிட்டேன். சங்கத்தின் எழுத்தர்மீது ஐயம் கொண்டு குறிப்பும் எழுதலானேன். அந்த இளைஞரின் வேலையும் மானமும் என் பேனா முனையில் இருந்தன.

குறிப்பைப் படித்த எங்கள் சார்பதிவாளர், 'நீங்கள் பட்டதாரி. ஆனால் கையெழுத்து நிபுணர் அல்லர். சீட்டை மட்டும் கொண்டுவந்திருக்கிறீர்களே; அது கிழிக்கப்பட்ட புத்தகம் எங்கே? அதே மாதத்தில் பெரியவர் இட்ட வேறு கையொப்பங்கள் எங்கே?' என்று கேட்டார். என்னிடம் விடையில்லை. அவ்விரு கேள்விகளிலும் இக்கலையின் சாரம் முழுவதும் அடங்கியிருந்தது என்பதைப் பின்னரே அறிந்தேன்.

ஒரே ஆண்டில் பிறந்தவை

நம் இயக்கத்துக்கும் இந்நாட்டில் கையெழுத்துப் பரிசோதனைக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இந்தியக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904-ம் ஆண்டு மார்ச்சு 25-ல் பிறந்தது; அவ்வாண்டிலேயே நம் மாநிலத்தில் திரூர் கிராமத்தில் முதற் கடன் சங்கம் தோன்றியது. அதே 1904-ம் ஆண்டில்தான் வங்காள அரசு கையெழுத்து நிபுணர் ஒருவரை முதன்முதலாக நியமித்தது. சி. ஆர். ஹார்ட்லெஸ் என்பவர் அப்பதவியில் அமர்ந்தார். மறு ஆண்டில் அப்பதவி சிம்லாவுக்கு மாற்றப்பட்டு, 1906-ல் ஐயத்துக்குரிய தஸ்தாவேஜுகளைப் பரிசோதிக்கும் அரசாங்க அலுவலகமாக உருப்பெற்றது. பின்னாளில் கல்கத்தாவிலும் ஐதராபாத்திலும் இத்தகைய அலுவலகங்கள் ஏற்பட்டன.

தமிழகத்தில் 1849-ம் ஆண்டிலேயே சென்னையில் இரசாயனப் பரிசோதகரின் ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. இன்று சென்னை மயிலாப்பூரில் காமராசர் சாலையில் இயங்கும் தடய அறிவியல் துறையில் தஸ்தாவேஜுகளுக்கெனத் தனிப் பிரிவு உண்டு. கூட்டுறவு நிறுவனங்களில் நிகழும் கையாடல்களைப் புலன் விசாரணை செய்வதற்கென்றே நம் மாநிலக் காவல் துறையில் வணிகக் குற்றப் புலனாய்வுப் பிரிவும் இருக்கிறது.

பரிசோதகர் எதைப் பார்க்கிறார்?

எழுத்தின் தோற்றத்தை மட்டும் அவர் பார்ப்பதில்லை. எழுதிய கையின் இயக்கத்தைப் பார்க்கிறார். பேனா எங்கே தொடங்கியது, எங்கே உயர்ந்தது, எங்கே அழுத்தியது, சுழியை எப்பக்கம் சுற்றியது, எழுத்துக்கு எழுத்து எவ்வளவு இடம் விட்டது, கோட்டுக்கு மேலேறியதா கீழிறங்கியதா என்பன அவருக்கு முக்கியம். 'ண', 'ன' என்பவற்றின் சுழிகளையும், 'ழ'வின் வாலையும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக முடிக்கின்றனர். பள்ளியில் எல்லோரும் பொதுவாகக் கற்ற வடிவம் எது, அந்த ஒருவருக்கே உரிய பழக்கம் எது என்று பிரித்தறிதலே முதற்படி. பொதுவடிவம் ஒத்திருந்தால் அது சான்றாகாது. தனிப்பழக்கங்கள் பல சேர்ந்து ஒத்திருந்தால்தான் சான்றாகும். ஆதலால் தமிழ்க் கையெழுத்தைப் பரிசோதிப்பவர் தமிழ் எழுத்து கற்பிக்கப்படும் முறையையும் அறிந்திருத்தல் வேண்டும்.

இரண்டாவது, ஒருவர் ஒரே நாளில் பத்து முறை கையொப்பமிட்டாலும் பத்தும் சிறிது சிறிது வேறுபடும். இது இயற்கை. இரு கையொப்பங்கள் ஒன்றன்மேல் ஒன்று வைத்தாற்போல் இம்மியும் மாறாமல் பொருந்துமானால், பரிசோதகர் மகிழ்வதில்லை, ஐயுறுகிறார். ஒன்றைப் பார்த்து மற்றொன்று மேல்வரைவாக வரையப்பட்டிருக்கலாம் அல்லவா?

மூன்றாவது, நடுக்கத்திலும் இரு வகை உண்டு. முதுமையாலோ நோயாலோ நடுங்கும் கை, நடுங்கியபடியே தன் பழைய வழியிலேயே செல்லும். அதன் கவனம் எழுத்தின் வடிவத்தில் இராது. போலி செய்பவனின் கையோ மெதுவாக வரைவதால் நடுங்கும். எவரும் நிறுத்தாத இடத்தில் நின்று பார்க்கும். பின் தொட்டுத் திருத்தும். வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். நான் ஏமாந்தது இவ்விடத்தில்தான்.

கருவிகள்

இக்காலப் பரிசோதகருக்குப் பூதக்கண்ணாடியும் நுண்ணோக்கியும் மட்டுமே துணை என்று எண்ணலாகாது. விளக்கைத் தாளின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், சுரண்டிய இடமும் பேனா அழுந்திய பள்ளமும் நிழலாகத் தெரியும். தாளின் பின்புறமிருந்து ஒளியைச் செலுத்தினால், சுரண்டி மெலிந்த இடம் வெளுப்பாகத் தோன்றும். புற ஊதாக் கதிரில் மருந்திட்டு அழித்த எழுத்தின் கறை தெரிவதுண்டு. அகச்சிவப்புக் கதிரில் ஒரே நீலமாகக் காணப்படும் இரு மைகளில் ஒன்று மறைந்து மற்றொன்று கறுப்பாக நிற்பதுண்டு. ஒரு 3-ஐ 8 ஆக்கியவர் வேறு பேனாவால் ஆக்கியிருந்தால், அது இவ்விதம் வெளிப்படலாம்.

மற்றொரு கருவி 1970-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் உருவாயிற்று. புத்தகத்தின் ஒரு தாளில் எழுதும்போது அடியிலுள்ள தாளில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழுகிறது. அந்த அடித்தாளின் மீது மெல்லிய படலத்தைப் பரப்பி, நிலைமின்சாரம் ஏற்றி, கரும்பொடியைத் தூவினால் பள்ளங்கள் எழுத்தாக எழுந்து நிற்கும். தாளுக்கு எவ்வித ஊறும் நேராது. மேல்தாள் காணாமற் போயினும் அடித்தாள் பேசும்!

காலம் கூறும் சாட்சியம்

சில சமயங்களில் கையெழுத்தை ஆராய்வதற்கு முன்பே தஸ்தாவேஜு தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். நம் பகுதிக்கே உரிய சில எடுத்துக்காட்டுகளைக் கூறுகிறேன். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-ம் ஆண்டு செப்டம்பர் 15-ல்; அதற்கு முன் நாம் மதுரை மாவட்டத்தினர். 1975-ம் ஆண்டுத் தேதியிட்ட ஒரு பத்திரத்தில் 'திண்டுக்கல் மாவட்டம்' என்று காணப்பட்டால், அதைக் கேள்விக்கு உட்படுத்த வேண்டாமா? ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் 1972-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ல் நடைமுறைக்கு வந்தது. 1965-ம் ஆண்டுக் கடிதத்தாளில் அது அச்சாகியிருக்க வழியில்லை. பந்துமுனைப் பேனாவுக்கு லாஸ்லோ பீரோ காப்புரிமை பெற்றது 1938-ல்; அதற்கு முன்னைய தேதியுள்ள நிலப் பத்திரம் அப்பேனாவால் எழுதப்பட்டிருந்தால் விளக்கம் வேறு தேவையில்லை.

எழுத்து வடிவமும் காலம் காட்டும். 'ணை', 'லை', 'ளை', 'னை', 'றா' முதலான 13 எழுத்துக்களுக்குப் புது வடிவத்தைத் தமிழக அரசு ஏற்றது 1978-ம் ஆண்டு அக்டோபரில். அதற்கு முன் பள்ளியில் பயின்ற முதியவர் பலர் பழைய வடிவத்தையே தொடர்ந்து எழுதிவந்தனர். எனினும் இங்கே எச்சரிக்கை தேவை. பெரியார் தம் 'குடி அரசு' இதழில் 1935-ம் ஆண்டு முதலே புது வடிவங்களைக் கையாண்டார். அதைப் படித்துப் பழகிய ஒருவர் 1960-ல் அவ்வாறு எழுதியிருக்கவும் கூடும். குறிப்பு ஒன்று கிடைத்தவுடன் தீர்ப்புக் கூறாமல் எதிர்ப்பக்கத்தையும் எண்ணிப் பார்ப்பவரே உண்மையான பரிசோதகர்.

பயிற்சி

இத்தொழிலுக்கு வருவோர் பெரும்பாலும் அறிவியல் பட்டம் பெற்றவர்கள். சாகர் பல்கலைக்கழகத்தில் 1959-ம் ஆண்டிலேயே குற்றவியலும் தடய அறிவியலும் பாடமாயின. இன்று காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் உயர்கல்வி அளிக்கப்படுகிறது. ஆனால் பட்டம் வாயிற்படி மட்டுமே. தறிக்குழியில் இறங்காமல் நெசவு வராததுபோல, மூத்த பரிசோதகரின் அருகில் அமராமல் இக்கலை வருவதில்லை. அமெரிக்க நாட்டில் வகுக்கப்பட்ட முறைப்படி, தகுதி பெற்ற ஒருவரின் கீழ்க் குறைந்தது 24 மாதங்கள் முழுநேரப் பயிற்சி பெறுதல் வேண்டும்.

முதலில் கண்ணைச் சோதிக்கின்றனர். நிறக்குருடு இருத்தலாகாது, உருவங்களிடையே உள்ள நுண்ணிய வேற்றுமையை உணரும் ஆற்றல் உண்டா என்றும் பார்க்கின்றனர். பார்வை கூர்மையாக இருந்தும் இவ்வாற்றல் குறைந்தவர்கள் உண்டு என்பதை ஆல்பர்ட் ஆஸ்பர்ன் என்ற அமெரிக்க அறிஞர் வலியுறுத்தினார். இவர் 1910-ல் வெளியிட்ட பெருநூலே இத்துறைக்கு அடித்தளமாயிற்று.

அடுத்துப் பேனாக்கள், மைகள், தாள்கள், தட்டச்சுப் பொறி, அச்சு, கணினி அச்சுப்பொறி, முத்திரைகள், நிழற்படக் கலை ஆகியவற்றைக் கற்க வேண்டும். உண்மையும் போலியும் கலந்த நூற்றுக்கணக்கான மாதிரிகளை விடை அறியாமல் ஆராய்ந்து, ஆசிரியரிடம் காரணம் காட்ட வேண்டும். இறுதியில் குறுக்கு விசாரணைக்கு நிற்கும் பழக்கம் வேண்டும். நீதிமன்றத்தில் எளிய சொற்களால் காரணத்தை விளக்கத் தெரியாதவரின் அறிவு யாருக்கும் பயன்படாது. எல்லாவற்றுக்கும் மேலாக, 'போதிய ஆதாரம் இல்லை. கருத்துக் கூற இயலாது' என்று சொல்லும் துணிவைக் கற்க வேண்டும்.

நிபுணரும் தவறுவதுண்டு

பயிற்சியில்லாத நிபுணத்துவம் எவ்வளவு கொடியது என்பதற்குப் பிரான்சு நாட்டு இராணுவ அதிகாரி டிரைபஸ் வழக்கே சான்று. பகைநாட்டுக்கு இரகசியம் விற்றதாக 1894-ல் அவர் தண்டிக்கப்பட்டார். உடல் அளவைகளால் குற்றவாளிகளை அடையாளம் காண்பதில் புகழ்பெற்ற பெர்ட்டிலான், கையெழுத்துத் துறையில் தேர்ச்சி இல்லாதிருந்தும், அக்கடிதம் டிரைபஸ் எழுதியதே என்று சாட்சியம் கூறினார். எழுதியவர் எஸ்டர்ஹாசி என்ற வேறொருவர். டிரைபஸ் தொலைதூரத் தீவில் ஆண்டுக் கணக்கில் சிறையிருந்து, 1906-ல்தான் முழுதும் நிரபராதி எனத் தீர்க்கப்பட்டார்.

தேர்ச்சி பெற்றவரும் மாதிரி தவறானால் தவறுவர். 1983-ம் ஆண்டு இட்லரின் நாட்குறிப்புகள் என்று ஜெர்மனியில் வெளியிடப்பட்டவற்றை நிபுணர்கள் உண்மையென்றனர். ஏனெனில், ஒப்பிட்டுப் பார்க்க அவர்களிடம் அளிக்கப்பட்ட மாதிரிகளிலும் அதே போலிக்காரர் எழுதியவை கலந்திருந்தன! போருக்குப் பின் வழக்கில் வந்த வெண்மையூட்டும் பொருள் தாளில் இருந்ததை ஆய்வுக்கூடம் கண்டபோதே பொய் வெளியாயிற்று. உண்மை மாதிரி இல்லையேல் உண்மைத் தீர்ப்பும் இல்லை.

நம் நாட்டுச் சட்டமும் இந்த எச்சரிக்கையை மேற்கொண்டிருக்கிறது. 1872-ம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 45-ம் பிரிவு நிபுணர் கருத்தை ஏற்க இடமளித்தது. 2024-ம் ஆண்டு ஜூலை முதல் நடப்பிலிருக்கும் பாரதிய சாட்சியச் சட்டத்தின் 39-ம் பிரிவு அதனையே தொடர்கிறது. விசாரணைக்காகக் கையெழுத்து மாதிரி அளிப்பது, ஒருவர் தமக்கெதிராகத் தாமே சாட்சி கூறுவது ஆகாது என்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் கொண்ட அமர்வு 1961-ல் தீர்ப்பளித்தது. நிபுணர் கருத்துக்கு வேறு ஆதரவு இல்லையென்றால் அதனை ஏற்கவே கூடாது என்னும் விதி எதுவுமில்லை. ஆயினும் மிக எச்சரிக்கையுடன் ஏற்க வேண்டும் என்பது 1980-ம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் வெளியான முராரிலால் வழக்கின் கருத்து.

சீட்டின் முடிவு

இனி, அந்த முதியவரின் சீட்டுக்கு வருவோம். விஷயம் முறைப்படி ஆய்வுக்கூடத்துக்குச் சென்றது. சீட்டுப் புத்தகமும், கூலிப் புத்தகத்திலிருந்து அதே ஆண்டில் முதியவர் இட்ட பல கையொப்பங்களும் உடன் சென்றன. அறிக்கை என்னைத் தலைகுனியச் செய்தது. கையொப்பம் போலியன்று, முதியவருடையதே! கூலிப் புத்தகத்திலும் அதே நடுக்கம், அதே சுழிகள். அப்படியானால் முதியவர் பொய் கூறினாரா? அதுவும் இல்லை. 12,000 என்ற எண்ணில் முதலிலுள்ள 1 வேறு மையால் எழுதப்பட்டது. சீட்டுப் புத்தகத்தில் அதற்கு அடுத்த சீட்டு ரத்துச் செய்யப்பட்டுக் கிழிக்கப்படாமல் இருந்தது. அதில் கையொப்பத்தின் பள்ளமும் 2,000 என்ற எண்ணின் பள்ளமும் தெளிவாகத் தெரிந்தன, 1 இல்லை. சீட்டு கிழிக்கப்பட்ட பின்னரே அந்த ஒற்றைக் கோடு சேர்க்கப்பட்டிருக்கிறது.

அக்கோட்டை யார் இட்டார் என்று கூற முடியாது என அறிக்கை நேர்மையாக ஒப்புக்கொண்டது. ஒரு கோட்டில் ஒருவரின் பழக்கம் தெரியாதல்லவா? மிச்சத்தை வருகைப் பதிவேடும் ரொக்கப் புத்தகமும் கூறின. நான் ஐயுற்ற எழுத்தர் அம்மாதம் முழுவதும் விடுப்பில் இருந்தார். தவறிழைத்தவர் வேறொருவர், 87-ம் பிரிவின்படி தண்டத்தீர்வை விதிக்கப்பட்டுத் தொகை சங்கத்துக்கு மீண்டது. எழுத்தர் இன்றும் அச்சங்கத்தில் பணியாற்றுகிறார். நான் எழுதத் தொடங்கிய குறிப்பை அவர் அறியார். ஆனால் நான் மறக்கவில்லை. முதியவரோ, 'இரண்டாயிரம் வாங்கினேன் என்று அன்றைக்கே சொல்லியிருப்பேனே ஐயா. நீங்கள் அதைக் கேட்கவில்லையே' என்றார். அவர் கூறியது முற்றிலும் உண்மை.

நம் சங்கங்கள் செய்ய வேண்டியவை

அங்கத்தினர்களே! பரிசோதகர் எவ்வளவு தேர்ந்தவராயினும் நாம் அவருக்கு அளிக்கும் தாள்களைக் கொண்டே அவர் பேச முடியும். ஆகவே பின்வருவனவற்றை ஒவ்வொரு சங்கமும் கைக்கொள்ளல் வேண்டும்.

தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, மீதமுள்ள இடத்தைக் கோடிட்டு அடைத்த பின்னரே கையொப்பமிடுங்கள். வெற்றுத்தாளிலோ நிரப்பாத படிவத்திலோ எவர் கேட்டாலும் கையொப்பமிடாதீர்கள்; அவ்வாறு இட்டபின் எந்த நிபுணராலும் உங்களைக் காப்பாற்றுதல் அரிது.

மாதிரிக் கையொப்பத்தைச் சேர்ந்த நாளில் ஒருமுறை பெற்றதோடு விட்டுவிடாமல், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்துக் கொள்ளுங்கள். கை மாறும், பதிவேடும் அதனுடன் மாற வேண்டும்.

கைநாட்டு வைக்கும் அங்கத்தினர்களிடம் மையை மிகுதியாகத் தடவி அமுக்கி எடுக்காதீர்கள். 1858-ல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் ஓர் ஒப்பந்தத்தில் கைப்பதிவைப் பெற்றது முதல், ரேகை பத்திரங்களில் அடையாளமாக வளர்ந்து வந்திருக்கிறது. ஆனால் அப்பிய மையில் ரேகை இல்லை. கறை மட்டுமே இருக்கும். நூலிலும் மண்ணிலும் உழைத்துத் தேய்ந்த விரல்களுக்கு மெல்லிய மையும் பொறுமையும் தேவை.

ஐயத்துக்குரிய சீட்டு ஒன்று கண்டால் அதை மடிக்காதீர்கள், ஊசி குத்தாதீர்கள், அதன்மேல் கோடு வரையாதீர்கள். உறைக்குள் இட்ட பின் உறையின்மேல் எழுதாதீர்கள். அப்பள்ளமும் சீட்டில் விழும். நகல் போதும் என்று மூலத்தை இழந்துவிடாதீர்கள். நகலில் மையின் வேறுபாடும் பேனாவின் அழுத்தமும் தெரியா. அடிக்கட்டைகளையும் ரத்தான சீட்டுகளையும் குப்பையென எண்ணி எறியாதீர்கள்.

திண்டுக்கல் பூட்டு உலகறிந்தது. ஆனால் பூட்டு எவ்வளவு உறுதியாயினும், பூட்டாமல் விட்ட கதவை அது காக்காது. ஒழுங்கான பதிவேடே சங்கத்தின் பூட்டு. அது பூட்டப்பட்டிருந்தால் கள்வன் அகப்படுவான் என்பது மட்டுமன்று, குற்றமற்றவன் தப்புவான். இரண்டில் பின்னதே பெரிது என்பது என் அனுபவம் கற்பித்த பாடம்.